பதில் வரும்படி எழுதுங்கள்

(மதுரையில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்காரர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். புது வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பழைய வாடிக்கையாளரைப் பற்றி. ஏற்கெனவே உங்களிடம் பொருள் வாங்கி, பேரும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்துவிட்டுப் போனவர்கள். அவர்களில் பலருக்கு நீங்கள் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டீர்கள். எழுதியிருந்தால் அது தீபாவளி ஆஃபராகத்தான் இருக்கும்.

"நம்மகிட்ட அப்படி லிஸ்ட் ஒண்ணும் இல்லையே" என்று சிலர் முகம் சொல்கிறது. இருக்கிறது, தேடிப் பாருங்கள். பில் போடும் மென்பொருளில் இருக்கும். ஆன்லைன் ஆர்டர் எடுத்த கணக்கில் இருக்கும். "விலை என்ன, அமெரிக்காவுக்கு அனுப்புவீர்களா" என்று கேட்டு வந்த பழைய மெயில்களில் இருக்கும். பதிப்பகம் நடத்துகிறவராக இருந்தால், சென்னைப் புத்தகக் காட்சி ஸ்டாலில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த நோட்டில் இருக்கும். அந்த நோட்டில் பாதிக் கையெழுத்து புரியாது. பரவாயில்லை, புரிந்த பாதி போதும்.

அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும். "இந்தக் காலத்துல யார் சார் மெயில் பாக்குறாங்க? எல்லாம் வாட்ஸ்அப்தான்." நியாயமான கேள்வி. உங்கள் வியாபாரம் மாசி வீதிகளுக்குள்ளேயே முடிந்துவிடும் என்றால் வாட்ஸ்அப் போதும். மீதிப் பேச்சைக் கேட்காமல் எழுந்து போய் டீ குடிக்கலாம். ஆனால் உங்கள் சுங்குடிப் புடவையை நியூ ஜெர்சியில் ஒருவர் வாங்குகிறார், பருப்புப்பொடி சிங்கப்பூருக்குப் போகிறது, புத்தகம் டொராண்டோவுக்குப் போகிறது என்றால், அந்த ஆட்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் இடம் மெயில் பெட்டி. வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் பூக்களுக்கும் சொந்தக்காரர் குரூப் சண்டைக்கும் நடுவே உங்கள் செய்தி பத்து நிமிடத்தில் மேலே போய்விடும். மெயில், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் வழக்கமாக 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். நாலு பேர் 'பிளாக்' செய்தால் கணக்கு முடங்கினாலும் முடங்கும். மெயில் பட்டியல் ஒரு எக்ஸெல் கோப்பு. அதை நாளைக்கு வேறு எந்தச் சேவைக்கும் எடுத்துக்கொண்டு போகலாம்.

சரி, பட்டியல் இருக்கிறது. என்ன எழுதுவது? இதில் என்னிடம் இருப்பது ஒரே ஒரு கருத்து: பதில் வரும்படி எழுதுங்கள். உங்கள் மெயிலைப் படித்தவர், 'ரிப்ளை' அழுத்தி உங்களுக்கு இரண்டு வரி எழுத வேண்டும். அப்படி எழுத வைத்த மெயில் நல்ல மெயில். மற்றதெல்லாம் பிட் நோட்டீஸ்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கைக் காட்டித்தான் இந்தத் தொழிலில் எல்லோரும் மார்தட்டுகிறார்கள். அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது தெரியுமா? மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை, ஒரு புள்ளி அகலம் ஒரு புள்ளி உயரத்தில் ஒளித்து வைப்பார்கள். மெயில் திறக்கும்போது அந்தப் படம் சர்வரிலிருந்து இறங்கும்; இறங்கினால் திறந்ததாக ஒரு எண்ணிக்கை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் இதில் கைவைத்தது. ஐபோனின் மெயில் செயலியில் அந்தரங்கப் பாதுகாப்பை இயக்கி வைத்திருப்பவருக்கு வரும் மெயில்களின் படங்களை, அவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. அதாவது, தூங்கிக்கொண்டிருக்கிறவரும் உங்கள் மெயிலைத் 'திறந்தவர்' ஆகிவிடுகிறார். அவுட்லுக்கில் படங்களைத் தடுத்து வைத்திருப்பவரோ, முழுக்கப் படித்தாலும் கணக்கில் வரமாட்டார். இந்தச் சதவிகிதத்தை நம்பி முடிவெடுப்பது வீண். பதில் மெயில் வந்தால், ஒரு மனிதர் படித்திருக்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை.

எல்லோருக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்பும் பழக்கம் யாரிடம் தொடங்கியது என்றும் சொல்லிவிடுகிறேன். 1978 மே 3. அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் கேரி துர்க் என்பவர் இருந்தார். இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு, கேட்காமலேயே ஒரு விற்பனை மெயில் போட்டார்: புதிய கணினி வந்திருக்கிறது, கலிஃபோர்னியாவில் செய்துகாட்டப் போகிறோம், வாருங்கள். முகவரிகள் அவ்வளவு அதிகம் ஆனதால், அவை அதற்கான கட்டத்தில் அடங்காமல் வழிந்து மெயிலின் உள்ளேயே கொட்டிக் கிடந்தன. படித்தவர்களுக்குக் கோபமான கோபம். ஆனாலும் அந்த மெயிலால் நல்ல விற்பனை நடந்தது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நடந்திருக்கலாம். அன்றைக்கு அவர் ஒருவர்தான் அப்படி அனுப்பினார். இன்றைக்கு உங்கள் வாடிக்கையாளரின் பெட்டியில் காலையிலேயே முப்பது துர்க்குகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு மெயிலைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சுங்குடிக் கடை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் போகும் மெயில் இது. தலைப்பு: "ஆடி அதிரடி!!! 40% வரை தள்ளுபடி!!!" உள்ளே திறந்தால் எழுத்தே கிடையாது. வாட்ஸ்அப்புக்காக டிசைனர் செய்து கொடுத்த அதே படம், மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, மூலையில் ஒரு பெண் சிரிக்கிறார். படம் தடுக்கப்பட்டிருந்தால் வெறும் வெள்ளைக் கட்டம். இதற்கு என்ன பதில் எழுத முடியும்? 'நன்றி' என்றுகூட எழுத முடியாது.

இப்போது இதைக் கேளுங்கள். தலைப்பு: "சுங்குடி சாயம் போகிறதா?" உள்ளே:

"வணக்கம் அம்மா. புரட்டாசியில் எங்களிடம் மெரூன் நிறத்தில் ஒரு கைமுடிச்சுச் சுங்குடி வாங்கினீர்கள். முதல் இரண்டு துவையலில் கொஞ்சம் சாயம் இறங்கும். தனியாக நனைத்து நிழலில் காயப்போடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு கை கல் உப்பும் போடுவார்கள். அதற்கு மேலும் சாயம் போகிறது என்றால் ஒரு போட்டோ எடுத்து இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்." கீழே கடைக்காரரின் பெயர்.

இவ்வளவுதான். விற்பனை என்று ஒரு சொல் இல்லை, விலை இல்லை. ஆனால் அந்த அம்மா பதில் எழுதுவார். சாயம் போயிருந்தால் கண்டிப்பாக எழுதுவார்! போகவில்லை என்றாலும் "நல்லாத்தான் இருக்கு தம்பி, அதுலயே பச்சை இருக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பச்சைப் புடவைக்கு நீங்கள் 40 சதவிகிதம் தள்ளுபடி தர வேண்டியதே இல்லை. தள்ளுபடியைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், அதை வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் மெயிலில் எழுதக் கூடாது. மாதாமாதம் எழுதினால் அடுத்த தள்ளுபடி வரும்வரை வாங்காமல் இருக்கத்தான் வாடிக்கையாளர் கற்றுக்கொள்வார்.

புத்தகக்காரர்களுக்கு இதைவிட வசதி. முன்வெளியீட்டுத் திட்டம் நம் பதிப்பாளர்களுக்குப் பழக்கமானதுதான்; பணம் கட்டுங்கள், சலுகை விலையில் புத்தகம் வரும் என்று எழுதுவார்கள். அதற்கு ஒரு படி முன்னால் போங்கள். உங்களிடம் அச்சில் இல்லாத நாலு பழைய புத்தகங்களின் பெயரைப் போட்டு, எதை மறுபதிப்புச் செய்யலாம், ஏன் என்று கேளுங்கள். இப்போது நூறு படி வேண்டுமானாலும் அச்சிட வசதி வந்துவிட்டது. முப்பது பேர் ஒரே புத்தகத்தைச் சொன்னால் அந்த முப்பது பேரும் வாங்குவார்கள். கேட்டுவிட்டு, எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை அடுத்த மெயிலில் சொல்ல மறந்தால் மறுமுறை ஒருவரும் பதில் எழுத மாட்டார்கள். பொடி, ஊறுகாய் அனுப்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி போதும்: பாக்கெட் உடையாமல் வந்ததா?

இனி, யாருக்கு என்ன என்பது. நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகை வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் வீட்டுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து ஜோடியாகப் போய் அழைக்கிறோம். தெருக்காரர்களுக்கு நேரில் ஒரு நடை. வெளியூர் நண்பருக்குத் தபால், கூடவே ஒரு போன். பழைய ஆபீஸ் ஆட்களுக்கு வாட்ஸ்அப். பத்திரிகை ஒன்றுதான், அழைப்பு நாலு விதம். தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன நடக்கும் என்று இந்தச் சபையில் நான் விளக்க வேண்டியதில்லை.

மெயில் பட்டியலிலும் தாய்மாமன்கள் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் கேட்டலாக் அச்சிட்டுத் தபாலில் வியாபாரம் செய்தவர்கள் மின்னஞ்சல் வருவதற்கு முன்பே கைக்கொண்டது: கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை முறை வாங்கினார், மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார். கேட்டலாக் அச்சிடவும் அனுப்பவும் காசு ஆகும் என்பதால் எல்லோருக்கும் அனுப்ப அவர்களால் முடியவில்லை. அதனால் கணக்குப் பார்த்தார்கள். மூன்றில் முதலாவதற்குத்தான் மதிப்பு அதிகம். ஐந்து வருடம் முன்பு இருபதாயிரத்துக்கு வாங்கியவரைவிட, போன மாதம் அறுநூறு ரூபாய்க்கு வாங்கியவர் மறுபடி வாங்கும் வாய்ப்பு கூடுதல். உங்கள் எக்ஸெலில் 'கடைசியாக வாங்கிய தேதி' என்று ஒரு பத்தி இல்லை என்றால் முதலில் அதைச் சேருங்கள். பக்கத்தில் 'குறிப்பு' என்று இன்னொரு பத்தி. பதில் மெயிலில் அவர் சொன்னதை அதில் எழுதுங்கள்: "தையில் மகள் கல்யாணம்", "ஜரிகை வேண்டாம் என்றார்". நம் பழைய ஜவுளிக் கடைக்காரர்கள் இதையெல்லாம் மனதிலேயே வைத்திருந்தார்கள். நமக்கு அந்த ஞாபகசக்தி இல்லை, எக்ஸெல் இருக்கிறது.

அனுப்பும் முறையில் சில ஆபத்துகள் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது பேரையும் 'சி.சி.' கட்டத்தில் போடாதீர்கள். ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்துவிடும், யாராவது 'ரிப்ளை ஆல்' அடிப்பார், அப்புறம் அன்றைய பொழுது அவ்வளவுதான். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும். அதற்கு மேல் போகிறவர்கள் மெயில் அனுப்பும் சேவை ஒன்றைப் பிடிக்க வேண்டும்; பிடித்தால் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போடாமல், கடையின் பெயரில் சொந்த டொமைன் வாங்கி அதிலிருந்து அனுப்புங்கள். வேறு சேவை வழியாக ஜிமெயில் பெயரில் போகிற மெயிலைப் போலி என்றே சந்தேகிப்பார்கள்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதியை இறுக்கிவிட்டன. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று பெயர் சொல்வார்கள். இந்த மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்பதற்கான சாட்சிகள் அவை. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில்காரர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், ஒரே அழுத்தில் விலகிக்கொள்ளும் வசதியும் கட்டாயம். நம்மில் யாரும் அவ்வளவு அனுப்பப் போவதில்லை. ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், வெப்சைட் செய்து கொடுத்த பையனிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. நம் எல்லோரையும் தொடுகிற விதி ஒன்று உண்டு. ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவிகிதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்று பேர். மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினால் மற்ற 997 பேருக்கும் உங்கள் மெயில் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்கு லட்சம் முகவரி தருகிறேன் என்று வருகிறவர்களை வாசலிலேயே அனுப்பிவிடச் சொல்வது இதனால்தான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் யோசித்து எழுதப்பட்ட கையேடுகளில் இது இருக்காது. ஜிமெயில் ஒரு மெயிலில் 102 கிலோபைட் வரைதான் காட்டும், மிச்சத்தை வெட்டிவிட்டு முழுதும் பார்க்க ஒரு இணைப்பு தரும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். நம் 'க' மூன்று பைட்; 'கி', 'க்' என்றால் ஆறு. அதே அளவு விஷயத்தைத் தமிழில் எழுதினால் மெயில் பல மடங்கு கனக்கும். சேவை நிறுவனத்தின் அலங்கார வார்ப்புருவும் சேர்ந்தால் நீளமான கடிதம் வெட்டுப்படும். வெட்டில் முதலில் போவது கடைசியில் இருக்கும் விலகல் இணைப்பு. விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானைத்தான் தேடுவார். அதனால் அலங்காரம் வேண்டாம், எழுத்து மட்டும் போதும். தலைப்பும் சின்னதாக இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் அகலம், போனில் முதல் மூன்று நாலு சொல்தான் தெரியும். "எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு" என்று தொடங்கினால் அதோடு தலைப்பு முடிந்துவிடும்.

கசப்பான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. பட்டியலைக் கழிக்க வேண்டும். ஒரு வருடமாக வாங்கவும் இல்லை, பதிலும் இல்லை, எந்த இணைப்பையும் தொடவில்லை என்பவர்களைத் தனியே பிரித்து ஒரு கடைசிக் கடிதம் எழுதுங்கள்: "இனி எழுத வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்றால் 'ஆம்' என்று மட்டும் பதில் போடுங்கள்." பதில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுளே நீக்கத் தொடங்கிவிட்டது. உங்கள் பழைய நோட்டில் உள்ள பல முகவரிகள் இன்றைக்கு இல்லவே இல்லை. இரண்டாயிரம் பேர் பட்டியல் அறுநூறாகச் சுருங்கலாம். வயிறு எரியும்தான். ஆனால் அந்த அறுநூறு பேர் உயிரோடு இருப்பவர்கள்.

சட்டமும் அந்தப் பக்கம்தான் போகிறது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. கனடாவில் 2014-இல் நடைமுறைக்கு வந்த ஸ்பேம் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவர் உங்களிடம் பொருள் வாங்கினார் என்பதை வைத்து இரண்டு ஆண்டுகள்தான் அவருக்கு எழுதலாம். அதற்கு மேல் அவர் வெளிப்படையாகச் சம்மதிக்க வேண்டும். டொராண்டோவுக்கு விற்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 'ஆம்' என்ற பதிலை அழிக்காமல் வைத்திருந்தால் அதுவே உங்கள் சம்மதப் பத்திரம்.

கடைசியாக, பதில் வந்தால் என்ன செய்வது. சிரிக்காதீர்கள், இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'நோ ரிப்ளை' என்ற முகவரியிலிருந்து கேள்வி கேட்டு மெயில் அனுப்பும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு பதில் சொல் என்பது மாதிரி இருக்கிறது. பதில் வரும் பெட்டியை யார் பார்ப்பது என்று வீட்டிலோ கடையிலோ ஒருவரை முடிவு செய்யுங்கள். புகார்க் கடிதத்துக்கு முதல் பதில், பாராட்டுக்கு அதற்குப் பிறகு. புடவை கிழிந்து வந்தது என்று எழுதுகிறவர் இன்னும் உங்களிடம் பேசத் தயாராக இருக்கிறார். பேச விருப்பம் இல்லாதவர் சொல்லாமல் வேறு கடைக்குப் போயிருப்பார். ஒரு நாளைக்குள் பதில் போட முடியாது என்றால் ஐந்நூறு பேருக்கு அனுப்பாதீர்கள், ஐம்பது பேருக்கு அனுப்புங்கள். அடுத்த ஐம்பது அடுத்த வாரம். மாதத்துக்கு ஒரு மெயில் தாராளம். சொல்ல விஷயம் இல்லாத மாதம் சும்மா இருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்றைக்கு ராத்திரி கடையை அடைத்துவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். கடைசியாக உங்களிடம் வாங்கிய இருபது பேரை எடுத்து, ஒவ்வொருவர் பெயரையும் போட்டு, வாங்கிய பொருள் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். இதற்கு எந்தச் சேவையும் வேண்டாம், காசு செலவும் இல்லை. நாளைக் காலையில் பதில் வந்திருந்தால் கடை திறந்ததும் முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள்.